மாட்டுக்கு லாடம், வண்டிக்கு டயர்

வண்டி மாடு நொண்டினால் அன்றைக்கே லாடத்தைப் பார்க்கும் விவசாயி, தினமும் தன்னைச் சுமக்கும் மொபெட்டின் டயரைக் குனிந்து பார்ப்பதில்லை. 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்த பிறகு, பால் கேனும் காய்கறி மூட்டையும் படிப்படியாக இரு சக்கர வாகனத்துக்கு மாறின. மாட்டுக்குக் கிடைத்த கவனம் மட்டும் வண்டிக்குக் கிடைக்கவில்லை.

காற்று குறைந்த டயர் மீது 45 கிலோ யூரியா மூட்டையை ஏற்றினால், டயரின் பக்கவாட்டுப் பகுதி ஓயாமல் மடங்கிச் சூடேறும், வெடிக்கவும் கூடும். பெட்ரோலும் வீணாகும். காற்று மிகுந்தாலோ நடுப்பகுதி மட்டும் தேய்ந்து பிடிப்பு குறையும். விரலால் அமுக்கிப் பார்ப்பது போதாது. வாரம் ஒரு முறை, டயர் சூடேறும் முன், அளவு பார்த்துக் காற்றடிக்க வேண்டும். அளவு வண்டியின் கையேட்டில் உள்ளது.

டயர் பள்ளங்களின் அடியில் சிறு மேடுகள் இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டு மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரை மாற்றிவிட வேண்டும். மழைத் தண்ணீரை ஒதுக்கித் தள்ளுவது அந்தப் பள்ளங்களே. வயலிலிருந்து ஏறும்போது சேற்றைத் தட்டிவிடுவதும், பம்புசெட்டுக்குக் கொண்டுபோகும் டீசல் டயரில் சிந்தினால் உடனே கழுவுவதும் அவசியம். எண்ணெய் ரப்பரைக் கெடுக்கும். கருவேல முள் தைத்திருக்கிறதா என்று காலையில் ஒரு பார்வை பார்க்கலாம்.

"அறுவடை முடியட்டும், டயர் மாற்றலாம்" என்பது பலருடைய பேச்சு. கையில் காசில்லாத நேரத்தில் அது நியாயமாகவே தோன்றும். ஆனால் நடவு நேரத்தில் கால் முறிந்தால் மருத்துவச் செலவோடு ஒரு போகமும் போகும். டயர் மாற்றும் வரையிலாவது சுமையையும் வேகத்தையும் குறைக்க வேண்டும்.

விவசாயிகள் திருத்திக்கொள்ள வேண்டிய இன்னொரு பழக்கமும் உண்டு. தார்ச்சாலையில் பரப்பிய கேழ்வரகுக் கதிரும் கொள்ளுச் செடியும் நல்ல டயரையும் வழுக்கிவிடும். விழுபவர் பக்கத்துத் தோட்டத்துக்காரராகவே இருக்கலாம். சாலையைக் களமாக்குவதை விட்டு, ஊராட்சியிடம் உலர்களம் கேட்டுப் பெறுவதே முறை.

மோட்டார் வாகனச் சட்டம், 1988, ஓட்டுபவருக்கும் பின்னால் அமர்பவருக்கும் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்குகிறது. பின்னால் ஒருவருக்கு மேல் ஏற்றக் கூடாது என்கிறது. போலீசுக்குப் பயந்து டவுனுக்குள் மட்டும் அணிவதில் பயனில்லை. தோட்டத்துப் பாதையில் விழுந்தாலும் தலை ஒன்றுதான்.