கைவேலைக் கூடை: தோல் துண்டும் லுங்கித் துணியும்

எங்கள் பள்ளிகொண்டாவில் பாலாற்றங்கரையில் உத்தர ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். ஊருக்குப் பெயர் வந்ததே அவரால்தான். பெருமாள் படுத்திருக்கிறார், சரி. ஊர்ப் பெண்களுக்குப் பகலில் கொஞ்சம் தலை சாய்க்க நேரம் உண்டா என்று கேட்டுப் பாருங்கள்! பாதிப் பேரை விடியற்காலையில் ஷூ கம்பெனி வண்டி அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. மீதிப் பேர் வீட்டில். அந்த மீதிப் பேருக்கு மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் கிடைக்கிற ஒரு மணி நேரத்துக்காகத்தான் இந்தத் தடவைக் கைவேலை.

பரிசுப் பொருள் என்றால் கடைக்கு ஓடி, பளபளக்கிற காகிதத்தில் சுற்றியதை வாங்கி வருவது வழக்கமாகிவிட்டது. திறந்து பார்த்தால் நாலு பிளாஸ்டிக் டப்பா, அல்லது இன்னொரு சுவர்க் கடிகாரம். நம் பக்கத்துப் பெண்களுக்கு அந்தக் கஷ்டம் தேவையே இல்லை. ஒரு பக்கம் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று தோல் ஊர்கள். இன்னொரு பக்கம் குடியாத்தம், கைத்தறி லுங்கிக்குப் பேர் போன ஊர். தோல் துண்டும் லுங்கித் துண்டும் சேர்ந்தால் என்னென்னவோ செய்யலாம்.

இந்தத் தோல் துண்டுகள் எப்படி வந்தன என்பதற்கு ஒரு கதை உண்டு. முன்பெல்லாம் நம் பக்கத்தில் ஆவாரம் பட்டை போட்டுப் பதனிட்ட தோல், பாதி வேலையோடு அப்படியே கப்பலேறிவிடும். வெட்டுவது, தைப்பது, ஷூ ஆக்குவது எல்லாம் வெளிநாட்டில். 1972ல் சீதாராமையா கமிட்டி, தோலை இங்கேயே முழுசாக முடித்துப் பொருளாக்கி அனுப்ப வேண்டும் என்று சொன்னது. அதற்குப் பிறகு அரைகுறைத் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. ஷூ கம்பெனிகள் முளைத்தன. வெட்டுகிற இடத்தில் மீதி விழும் அல்லவா? அந்த மீதிதான் எடைக்கு விலைக்கு வருகிறது. வெட்டும் மீதியும் மட்டும் வரவில்லை, தையலும் கூடவே வந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

துண்டு வாங்கும்போது உள்ளங்கைக்குக் குறைந்ததை எடுக்காதீர்கள். எடைக்கு எடை அவ்வளவும் குப்பைக்குத்தான் போகும். மடித்துப் பாருங்கள். மடித்த இடத்தில் வெடிப்பு விடுகிற தோல் வேண்டாம். வெட்டு முனையைப் பாருங்கள். உள்ளே நீலச் சாம்பல் நிறம் தெரிந்தால் பெரும்பாலும் குரோம் தோல். மெத்தென்று இருக்கும், ஊசி சுலபமாக இறங்கும். பட்டை போட்டுப் பதனிட்டது பழுப்பாக, கொஞ்சம் விறைப்பாக இருக்கும். கைத்தையலுக்கு எனக்கு அதுதான் பிடிக்கும், தையல் வரிசை எடுப்பாகத் தெரியும்.

ஒன்று மட்டும் கண்டிப்பு. மிஞ்சிய தோல் துணுக்கை அடுப்பில் போடாதீர்கள், வெந்நீர் போடக்கூட வேண்டாம். குரோம் தோலை எரித்தால் அதில் இருக்கிற குரோமியம் நஞ்சாக மாறும். பாலாற்றங்கரையில் இருக்கிற நமக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டுமா? தோல் கழிவால் கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போன வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போய், 1996ல் தீர்ப்பானது நம் வேலூர்ப் பக்கத்து வழக்குதானே!

இப்போது வேலைக்கு வருவோம். மாமனார், மாமியார், ரிட்டயர் ஆகும் டீச்சர், யாருக்கும் கொடுக்கலாம். மூக்குக் கண்ணாடி உறை.

ஏழரை அங்குல நீளம், நாலேகால் அங்குல அகலத்தில் இரண்டு தோல் துண்டு. காகிதத்தில் அளவு வெட்டி வைத்து, பால்பாயிண்ட் பேனாவால் பின்பக்கம் கோடு போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே வைக்க லுங்கித் துணி அதே அகலத்தில், நீளம் மட்டும் எட்டு அங்குலம். வெட்டுவதற்கு முன்னால் துணியை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து அலசி உலர்த்துங்கள். புது லுங்கியில் சாயம் விடும், கொஞ்சம் சுருங்கவும் செய்யும். கூடுதலாக இருக்கிற அரை அங்குலத்தை வாய்ப்பக்கத்தில் உள்ளே மடித்து, துணியைத் தோலின் பின்பக்கத்தில் ஒட்டுங்கள். சைக்கிள் டியூபுக்குப் போடும் சொல்யூஷன் போதும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒட்டுங்கள், அந்த வாடை நல்லதில்லை. கைக்குழந்தை இருக்கிற அறையில் வேண்டவே வேண்டாம்.

இரண்டு துண்டையும் துணி உள்பக்கமாக வருகிற மாதிரிச் சேர்த்து, துணி உலர்த்தும் கிளிப் போட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள். தோலில் குண்டூசி குத்தக் கூடாது. துணியில் குத்தினால் ஓட்டை மூடிக்கொள்ளும், தோலில் மூடாது. ஓரத்திலிருந்து கால் அங்குலம் உள்ளே தள்ளி, மூன்று பக்கமும் கோடு. அந்தக் கோட்டில் துளைகள் ஒரே இடைவெளியில் விழ வேண்டும். அதற்கு ஒரு தந்திரம்: சாப்பிடுகிற முள்கரண்டி. ஃபோர்க்கைக் கோட்டில் வைத்து அழுத்தினால் நாலு புள்ளி விழும். கடைசிப் புள்ளியில் முதல் முள்ளை வைத்து மறுபடி அழுத்த வேண்டியதுதான். பிறகு பலகை மேல் வைத்து, புள்ளிக்குப் புள்ளி ஆணியால் ஒரு தட்டு. மொத்தம் தொண்ணூறு துளைக்குக் குறையாது. பயப்படாதீர்கள், டிரான்சிஸ்டரில் பாட்டு கேட்டுக்கொண்டே அடித்துவிடலாம்.

தையல் இரட்டை ஊசித் தையல். தைக்க வேண்டிய நீளத்தைப் போல நாலு மடங்கு நூல் எடுங்கள். நம் உறைக்கு இரண்டு கெஜத்துக்குக் கொஞ்சம் மேலே. கெட்டி நூலாக எடுத்து, மெழுகுவர்த்தியில் இரண்டு தரம் இழுத்துக்கொள்ளுங்கள். நூலின் இரண்டு நுனியிலும் ஒவ்வொரு ஊசி. முதல் துளையில் நூலைச் சரிபாதியாக இழுத்துவிட்டு, அடுத்த துளையில் ஒரு ஊசி அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம், மற்றது இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம். இரண்டு நூலையும் ஒரே சீராக இறுக்குங்கள். இப்படித் தைத்தால் ஒரு இடத்தில் நூல் அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொண்டிருக்கும். மெஷின் தையலில் அது கிடையாது. முடிவில் இரண்டு துளை பின்னால் வந்து நூலை ஒட்ட வெட்டிவிடுங்கள். விரலுக்கு திம்பிள் போட மறக்காதீர்கள்.

மெஷினில்தான் தைப்பேன் என்பவர்களுக்கு இரண்டே வார்த்தை. 16 அல்லது 18ஆம் நம்பர் ஊசி, அங்குலத்துக்கு ஏழெட்டுத் தையலுக்கு மேல் வேண்டாம். நெருக்கிப் போட்டால் தபால்தலை ஓரம் மாதிரித் தோல் கிழிந்து கையோடு வரும்.

மிஞ்சிய லுங்கித் துணியில் வாசலுக்குத் தோரணம் தைத்துவிடுங்கள். நாலு அங்குலச் சதுரங்கள் பத்து. ஒவ்வொன்றையும் மூலைக்கு மூலை மடித்து, மறுபடி ஒரு மடிப்பு. முக்கோணமாக வரும், பிசிறு எல்லாம் ஒரே பக்கத்தில் நிற்கும். அந்தப் பக்கத்தை நீளமான ஒரு பட்டிக்குள் செருகி, அரை அங்குலம் ஒன்றன் மேல் ஒன்று ஏறும்படி வைத்துத் தைத்தால் மூன்றடி நிலைக்குச் சரியாக இருக்கும். இதில் தோலைச் சேர்க்க வேண்டாம். பூஜை அறைப் பக்கம் தோல் கூடாது என்கிற பெரியவர்கள் வீட்டுக்கும் நிம்மதியாகக் கொடுக்கலாம். பிறந்த குழந்தைக்குப் பரிசு என்றாலும் தோல் கிடையாது. எதை எடுத்தாலும் வாயில் வைக்கிற வயசு. பாட்டியின் நைந்த வாயில் புடவையை நாலாக மடித்து ஓட்டுத் தையல் போட்டுக் கொடுங்கள், அதைப் போல மெத்து வேறில்லை. பொத்தான், மணி, ஜிகினா எதுவும் வைக்காதீர்கள்.

கண்ணாடி உறையின் தொண்ணூறு துளையையும் தைத்து முடித்தவர்களுக்குத்தான் இனிச் சொல்லப்போவது புரியும். முதல் உறைக்கு மூன்று மணி நேரமாவது ஆகும். கை பழகினால் இரண்டு. விரல் நுனி எரியும், பிடரி வலிக்கும். பிடித்துச் செய்கிற வேலை என்பதால் நமக்கு அது தெரிவதில்லை. நினைத்தால் வைத்துவிட்டுக் காபி போடப் போகலாம்.

ஆம்பூர்ப் பக்கத்துத் தெருக்களில் இதே இரட்டைக் கைத்தையலை வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து போடுகிற பெண்கள் இருக்கிறார்கள். ஷூவின் மேல்பாகம், அப்பர் என்பார்களே, அது மூட்டையாக வீட்டுக்கு வரும். தைத்துக் கொடுத்தால் ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. இந்தப் பெண்களைப் பற்றிப் பெங்களூரின் சிவிடெப் அமைப்பும் இங்கிலாந்து அமைப்புகள் இரண்டும் சேர்ந்து 2016ல் ஒரு அறிக்கை வெளியிட்டன. ஜோடிக்குச் சராசரியாகப் பத்துப் பென்ஸுக்கும் குறைவாம். அன்றைய கணக்கில் பத்து ரூபாய்கூட இல்லை. அதே ஷூ அங்கே கடையில் 40 பவுண்டிலிருந்து 100 பவுண்டு வரை! முதுகுவலி, கழுத்துவலி, கண் மங்கல் எல்லாம் அந்தப் பத்து ரூபாய்க்குள் அடக்கம். கம்பெனிக்குள் போனால் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. என்று ஏதாவது உண்டு. வாசற்படிக்கு எது? வீட்டிலிருந்து வேலை செய்பவர்களுக்கும் மற்றத் தொழிலாளிகளைப் போல உரிமை வேண்டும் என்று 1996லேயே உலகத் தொழிலாளர் அமைப்பு 177ஆம் உடன்படிக்கை போட்டுவிட்டது. இந்தியா இன்னும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

பொழுதுபோக்குப் பக்கத்தில் இது எதற்கு என்று நினைக்கிறீர்களா? காரணம் இருக்கிறது. நீங்கள் ஒரு உறை தைத்துக் கொடுத்தால் அடுத்த வாரமே ஒருவர் வருவார்: "ஏம்மா, நீ வீட்ல சும்மாத்தானே இருக்கே, எங்க ஆபீஸ்ல ரிட்டயர்மெண்ட்டுக்கு ஒரு இருபது தச்சுக் குடேன். தோல் காசும் மேல அஞ்சு ரூபாயும் தர்றேன்." நமக்கும் பெருமையாக இருக்கும், சரி என்று தலையாட்டிவிடுவோம். இருபது உறை என்றால் நாற்பது மணி நேரம். ஐந்து ரூபாய்க்குத் தைத்துக் கொடுத்தால், உங்கள் நாற்பது மணி நேரம் மட்டும் போகாது. நாளைக்கு வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறவள் இரண்டு ரூபாய் கூடக் கேட்டால், "பள்ளிகொண்டாவுல அஞ்சு ரூபாய்க்கே தச்சுத் தர்றாங்களே" என்று அவளுக்குப் பதில் வரும்.

அன்பளிப்பாகக் கொடுப்பது வேறு. அதற்குக் கணக்குப் பார்க்காதீர்கள். ஆனால் ஒருவர் காசு என்று வாயைத் திறந்துவிட்டால், பிறகு கணக்குத்தான். உங்கள் தெருவில் சாதா பிளவுஸ் ஒன்று தைக்க என்ன கூலி, அதற்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்று தையற்காரம்மாவிடம் கேளுங்கள். அந்த மணிக்கூலிக்குக் குறையாமல் போடுங்கள். தோல், நூல், சொல்யூஷன், பஸ் செலவு தனி. ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்து, கேட்பவர்களிடம் அதையே நீட்டிவிடுங்கள். வாயால் விலை சொல்லக் கூச்சப்படுகிற எனக்கே அது சுலபமாக இருக்கிறது.

"இவ்வளவா!" என்று யாராவது முகத்தைச் சுளித்தால் கோபிக்க வேண்டாம். "அக்கா, மத்தியானம் ரெண்டு மணிக்கு வாங்க, கத்துத் தர்றேன், நீங்களே தைங்க" என்று சொல்லுங்கள். எங்கள் தெருவில் இப்படி வந்து உட்கார்ந்தவர்கள் நாலு பேர். தோலும் ஆணியும் நான் தருகிறேன், ஃபோர்க் மட்டும் அவரவர் வீட்டிலிருந்து.