கூவாகத்து மணப்பெண்ணின் ஆல்பம்

சித்திரை பிறந்தால் கேமராக்கள் கூவாகத்துக்குப் படையெடுக்கின்றன. சின்னசேலத்தில் பேருந்து ஏறி, கள்ளக்குறிச்சி, உளுந்தூர்ப்பேட்டை வழியாகப் போய்ச் சேரும் தூரம்தான். கூத்தாண்டவர் கோயிலில் திருநங்கைகள், பாரதப் போரில் களப்பலியான அரவானுக்காகத் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் தேர் ஓடி முடிந்ததும் தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைப் புடவைக்கு மாறுகிறார்கள். ஒப்பாரி வைப்பவர் முகத்துக்கு அரை முழத்தில் லென்ஸ் நீளும். படம் எங்கே, என்ன குறிப்போடு அச்சாகும் என்று அவரிடம் சொல்லிவிட்டு எடுப்பவர்கள் குறைவு.

படமெடுப்பதே தவறா? இல்லை. படத்தில் இருப்பவருக்கு அந்தப் படத்தில் என்ன உரிமை என்பதே கேள்வி. பால்புதுமைக் கலைஞர்கள் சிலர் இதைத் தங்கள் தொழில்முறையாகவே ஆக்கியிருக்கிறார்கள்.

டெல்லியில் பிறந்து, பதின்பருவத்தில் கனடாவுக்குப் போன சுனில் குப்தா, 1980களில் திரும்பி வந்து ‘எக்ஸைல்ஸ்’ வரிசையை எடுத்தார். தன்பாலீர்ப்பு ஆண்கள், இந்தியா கேட் போன்ற ஊரறிந்த இடங்களில் நிற்கிறார்கள், அமர்கிறார்கள். தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு உயிரோடிருந்த காலம். ஆகவே பல படங்களில் முகம் திரும்பியிருக்கும், அல்லது சட்டகத்துக்கு வெளியே போயிருக்கும். படத்தோடு அவர்கள் வட்டத்துப் பேச்சிலிருந்து சில வரிகள். முகம் மறைந்த இடத்தில் குரல் வந்து உட்கார்கிறது. அச்சத்தையே படத்தின் அமைப்பாக்கிய சாமர்த்தியம் அது.

தேஜல் ஷாவின் வழி வேறு. 2006இல் ‘ஹிஜ்ரா ஃபேன்டஸி’ வரிசைக்காக, ‘உங்களை எப்படிப் பார்க்க ஆசை?’ என்று திருநங்கைகளிடம் கேட்பதிலிருந்து தொடங்கினார். ஒருவர் ரவிவர்மா பாணி யசோதையானார். மகேஸ்வரி என்பவர் தென்னிந்தியத் திரை நாயகியானார்.

நம் பக்கத்தில் பொள்ளாச்சிக்காரரான கல்கி சுப்ரமணியம் கேமராவையே தள்ளிவைத்தார். அவருடைய ‘சகோதரி’ அமைப்பின் ‘ரெட் வால்’ திட்டத்தில், திருநர்கள் தாங்கள் பட்ட வன்முறையைத் தங்கள் கையாலேயே எழுதி, சிவப்புச் சாயத்தில் உள்ளங்கை பதிக்கிறார்கள். பரிதாபத்துக்கு முகம் தேடுபவருக்கு அங்கே கிடைப்பது சாட்சியம்.

இவையெல்லாம் ஜோடித்தவை, கூவாகப் படமல்லவா நிஜம் என்று கேட்கலாம். பதினெட்டு நாள் திருவிழாவிலிருந்து அழுகிற ஒரு மணி நேரத்தை மட்டும் பொறுக்கியெடுப்பதும் ஜோடனைதான். பேருந்தில் சிரித்துக்கொண்டு வந்தவர், தோழிக்குப் பூ வைத்துவிட்டவர், வளையல்கடையில் பேரம் பேசியவர் எல்லோரும் அதில் வெட்டுப்பட்டுப் போகிறார்கள்.

படத்தில் இருப்பவரே படத்தைத் தேர்வது சின்னசேலத்து ஸ்டுடியோக்காரருக்குப் புதிதல்ல. கல்யாண ஆல்பத்தில் எந்தப் படம் வேண்டும், எது வேண்டாம் என்று குறித்துக் கொடுப்பது கல்யாண வீட்டார்தானே. கூவாகத்தில் நடப்பதும் கல்யாணம்தான். அடுத்த சித்திரையில் கோயில் பக்கம் ஒரு பந்தல் போட்டு, திருநங்கைகளே எடுத்த, அல்லது அவர்களே தேர்ந்த படங்களை மாட்டி வைக்க மாவட்ட நிர்வாகத்துக்குப் பெரிய செலவு ஆகாது. உள்ளூர் ஸ்டுடியோக்கள் பிரிண்ட் போட்டுத் தரலாம். குறிப்பு வரியைப் படத்தில் இருப்பவரே எழுதட்டும்.