சிறு நாட்டின் வான்காவல்

1944ஆம் ஆண்டில் நேசநாடுகளின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் நம் பேராதனைப் பூந்தோட்டத்தில் அமைந்திருந்ததை இன்றைய மாணவர் பலர் அறியார். அதற்கு ஈராண்டு முன்னர், 1942 ஏப்ரல் 4ஆம் நாள், யப்பானியக் கப்பற்படை இலங்கையை நோக்கி வருதலைக் கண்டுரைத்தது விரைந்து பாயும் போர்விமானமன்று. மெல்லப் பறந்த கற்றலீனா என்னும் கடல்விமானமே. மறுநாள் கொழும்பு தாக்குண்டது. எனினும் கப்பல்கள் பல முன்னரே துறைமுகத்தை நீங்கியிருந்தன.

2021இல் நம் அரசு 5 கிபிர் போர்விமானங்களைப் புதுப்பிக்க ஏறக்குறைய 5 கோடி டொலர் செலவிட உடன்பட்டது. மறு ஆண்டே நாம் எரிபொருளுக்கு வரிசையில் நின்றோம்! அவ்வாண்டு ஆகத்தில் இந்தியா வழங்கிய ஒரேயொரு டோர்னியர் கண்காணிப்பு விமானம் நம் கடற்பரப்புக்கு அவ்வைந்தினும் பயன் மிக்கதென்போம். இத்தகைய கண்களையே நாம் முதலில் விலைகொடுத்து வாங்கியிருத்தல் வேண்டும். அதனையும் அயலார் தரப் பெற்றதே நமக்கு நாணம்.