பந்தயக் கார்களுக்கு ஏன் இந்த விலக்கு?

மாணவ நண்பர்களே, அமெரிக்காவில் வார இறுதி நாட்களில் நடைபெறும் கார் பந்தயங்கள் பலவற்றில் ஓடுபவை பந்தயத்துக்கென்றே செய்யப்பட்ட வண்டிகள் அல்ல. சாலையில் ஓடிப் பழகிய சாதாரணக் கார்கள்தாம். அவற்றை வகை வகையாகப் பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் ஒரு விதிப் புத்தகம் வைத்திருக்கிறார்கள். இன்ன டயர்தான் போடலாம், எடை இதற்குக் குறையக் கூடாது, எஞ்சினில் இன்னின்ன பாகங்களைத் தொடக் கூடாது என்றெல்லாம் அதில் எழுதியிருக்கும். ஆனால் புகையைத் தூய்மை செய்யும் கருவிகள் என்று வரும்போது மட்டும் பல பிரிவுகளின் விதிகள் தாராளம் காட்டுகின்றன. "விரும்பினால் கழற்றிவிடலாம்" என்கின்றன. இந்த அனுமதி சரிதானா? சரியல்ல என்பது என் கருத்து. காரணங்களைச் சொல்கிறேன், நீங்களே எடைபோட்டுப் பாருங்கள்.

முதலில் அந்தக் கருவிகள் எவை என்று பார்ப்போம். முக்கியமானது வினையூக்கி மாற்றி. தேன்கூடு போன்ற நுண்ணிய துளைகள் கொண்ட பீங்கான் கட்டி ஒன்று. அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்களின் மெல்லிய பூச்சு. புகை அதன் வழியே செல்லும்போது கார்பன் மோனாக்ஸைடு கார்பன் டை ஆக்ஸைடாகிறது. எரியாத ஹைட்ரோகார்பன் நீராவியும் கார்பன் டை ஆக்ஸைடும் ஆகிறது. நைட்ரஜன் ஆக்ஸைடுகள் வெறும் நைட்ரஜனாகின்றன. அமெரிக்கக் கார்களில் 1975ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து வினையூக்கி பரவலாக வந்தது. இதைத் தவிர, எரிந்த புகையில் சிறிதளவை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பி எரிதலின் வெப்பநிலையைக் குறைக்கும் வால்வு ஒன்று உண்டு. பெட்ரோல் டாங்கியிலிருந்து கிளம்பும் ஆவியைப் பிடித்து வைக்கும் கரிப் பெட்டியும் உண்டு.

இவற்றைக் கழற்றுவதால் வேகம் கூடுமா? புகையைத் திருப்பி அனுப்பும் வால்வு, ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரை முழுவதும் அழுத்தும்போது பொதுவாக மூடிக்கொள்கிறது. பந்தயக்காரர் பெரும்பாலும் அப்படித்தானே ஓட்டுகிறார்? ஆகவே அதைக் கழற்றினால் கிடைக்கும் சக்தி ஏறத்தாழப் பூஜ்யம். கரிப் பெட்டியும் அப்படியே. எடை குறையுமே என்பீர்கள். குறையும். ஆனால் குறைந்தபட்ச எடை விதி இருக்கும் பிரிவுகளில், எடை வரம்புக்குக் கீழே போய்விட்டால் இரும்புக் கட்டியைப் போட்டு ஈடுகட்ட வேண்டும். மீதி இருப்பது வினையூக்கி. அதன் நுண்துளைகள் புகையின் ஓட்டத்தைச் சிறிது தடுப்பது உண்மை. அதைக் கழற்றினால் சிறிது சக்தி கூடுவதும் உண்மை.

இங்கேதான் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பந்தயம் என்பது ஒப்பீடு. உங்கள் பள்ளி ஓட்டப் பந்தயத்தில் எல்லாரும் செருப்பில்லாமல் ஓடினாலும், எல்லாரும் ஷூ போட்டு ஓடினாலும் கெட்டிக்காரன்தான் முதலில் வருவான். ஒருவன் மட்டும் ஷூ போட்டால்தான் தகராறு. அதுபோல, ஒரு பிரிவின் எல்லாக் கார்களும் வினையூக்கியோடு ஓட வேண்டும் என்று விதி செய்தால் யாருக்கு நஷ்டம்? ஒரு சுற்றுக்குச் சிறிது நேரம் எல்லாருக்கும் கூடும். போட்டியின் விறுவிறுப்பு குறையாது. டயரையும் எடையையும் கட்டுப்படுத்தி எல்லாரையும் மெதுவாக்கும் விதிப் புத்தகத்துக்கு, புகையின் மேல் மட்டும் ஏன் இந்தக் கருணை?

எதிர்த்தரப்பின் வாதத்தையும் கேட்போம். அது வலுவான வாதந்தான். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். அதிக சக்திக்காகவும், எஞ்சின் சூடேறிப் பழுதாகாமலிருக்கவும் பந்தயக்காரர்கள் பெட்ரோலைக் கூட்டி விடுகிறார்கள். 12.5 கிலோ காற்றுக்கு 1 கிலோ பெட்ரோல் என்று வைத்துக்கொள்வோம். 2.2 கிலோ காற்று குறைகிறது. காற்றின் எடையில் ஆக்ஸிஜன் சுமார் 23 சதவீதம். எனவே அரைக் கிலோ ஆக்ஸிஜன் பற்றாக்குறை. 16 கிராம் ஆக்ஸிஜன் குறைந்தால் 28 கிராம் கார்பன் மோனாக்ஸைடு மிஞ்சும். பற்றாக்குறையில் ஒரு பங்கு ஹைட்ரஜனாக வெளியேறுவதைக் கழித்தாலும், எரியும் ஒவ்வொரு கிலோ பெட்ரோலுக்கும் அரைக் கிலோவுக்கு மேல் இந்த நச்சு வாயு வரும். புகையில் ஆக்ஸிஜனே இல்லாதபோது வினையூக்கி அதை எதைக் கொண்டு மாற்றும்? போதாததற்குப் பீங்கான் கட்டி அளவுமீறிச் சூடாகி உருகி, குழாயை அடைத்துவிடவும் கூடும். "வேலை செய்யாத கருவியை எதற்குச் சுமப்பது?" என்று அவர்கள் கேட்கிறார்கள்.

இந்த வாதம் கருவியைக் கழற்ற வேண்டும் என்று நிரூபிக்கவில்லை. கலவைக்கும் ஒரு வரம்பு வேண்டும் என்றுதான் நிரூபிக்கிறது. வரம்பு எல்லாருக்கும் பொது என்றால், முன்பு சொன்ன ஒப்பீட்டு நியாயம் இதற்கும் பொருந்தும். பீங்கானுக்குப் பதில் உலோகத் தகட்டாலான வினையூக்கிகளும் இருக்கின்றன. பிரிட்டனில் நடைபெறும் டூரிங் கார் பந்தய வண்டிகள் பல ஆண்டுகளாக வினையூக்கியோடுதான் ஓடி வந்திருக்கின்றன. 

"சில நூறு கார்கள் ஞாயிற்றுக்கிழமை விடும் புகை, ஒரு நகரம் தினமும் விடும் புகைக்கு முன் எம்மாத்திரம்?" என்று கேட்கலாம். அளவில் சிறிதுதான். ஆனால் விலக்கு என்பது கொடுத்த இடத்திலேயே நிற்பதில்லை. இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன்.

1996ஆம் ஆண்டு அமெரிக்கா சாலை வண்டிகளுக்கு ஈயம் கலந்த பெட்ரோலை முற்றிலும் தடை செய்தது. பந்தயத்துக்கு மட்டும் விலக்கு. நாஸ்கார் பந்தயங்கள் 2007 வரை ஈயப் பெட்ரோலில் ஓடின. அந்த மாற்றத்தைப் பின்னர் ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள், பந்தயங்களில் எரித்த ஈயம் சுற்றுப்புறக் காற்றிலும், அங்கே வாழ்ந்த குழந்தைகளின் ரத்தத்திலும் கூடியிருந்ததைக் கண்டார்கள். முதியவர்களின் இறப்பும் கூடியிருந்தது. அவர்கள் யாரும் பந்தயத்தில் கலந்துகொண்டவர்கள் அல்லர்.

இரண்டாவது சம்பவம் டீசல் பிக்-அப் வண்டிகளைப் பற்றியது. புகைக் கட்டுப்பாட்டை முடக்கும் உதிரிகள் பலவும் "பந்தய உபயோகத்துக்கு மட்டும்" என்ற ஒரு வரியோடு கடைகளில் விற்கப்பட்டன. 2020இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. அதன்படி, அதற்கு முந்தைய சுமார் பத்து ஆண்டுகளில் 5.5 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளில் இந்தக் கட்டுப்பாடு நீக்கப்பட்டிருந்தது. அவற்றின் ஆயுட்காலத்தில் அதிகமாக வெளியேறும் நைட்ரஜன் ஆக்ஸைடுகள் 5.7 லட்சம் டன்னுக்கும் மேல். அத்தனை வண்டிகளும் பந்தயத் திடலிலா ஓடின? சாலையில்தான் ஓடின. பந்தயத்துக்கென்று திறந்த சிறு கதவின் வழியாக ஊரே உள்ளே நுழைந்துவிட்டது.

இனி நம் ஊருக்கு வாருங்கள். இந்தியாவில் 1995 ஏப்ரல் முதல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் விற்கும் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கி கட்டாயமாயிற்று. இன்று புதிய மோட்டார் சைக்கிள்களிலும் அது புகைக் குழாய்க்குள்ளேயே அடங்கியிருக்கிறது. சத்தம் பெரிதாகக் கேட்க வேண்டும் என்று உங்கள் அண்ணன் சைலன்சரை மாற்றும்போது, அவர் மாற்றுவது சத்தத்தை மட்டுமல்ல. பழைய குழாயோடு அந்த மெல்லிய பிளாட்டினப் பூச்சும் காயலான் கடைக்குப் போகக்கூடும். பின்னால் சைக்கிளில் வருகிறவர்தான் அதற்கு விலை கொடுக்கிறார்.

வேகத்தின் மேல் ஆசை கொள்வது தவறல்ல. எஞ்சினைப் பிரித்துப் பார்க்கும் ஆவல் உங்களுக்கு இருந்தால் நான் மகிழ்வேன். நாளை உங்களில் சிலர் பந்தய வண்டி அமைக்கலாம். சிலர் பந்தய விதிகளை எழுதும் இடத்திலும் இருக்கலாம். அப்போது ஒரு பாகத்தைக் கழற்ற அனுமதி கேட்டு யாராவது வந்தால், அதனால் எத்தனை குதிரைச் சக்தி கூடும் என்பதோடு, வெளியேறும் புகையை யார் சுவாசிப்பார்கள் என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கும் பதில் வந்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.