தொட்டி காலியானாலும் இஞ்சின் தாங்க வேண்டும்

டீசல் பிக்கப் வண்டியின் இழுவைத் திறனைக் கூட்ட விரும்புவோர் நாடும் வழிகளுள் ஒன்று, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த கலவையை இஞ்சினுக்குள் செல்லும் காற்றில் தெளிப்பது. இதைப் பொருத்தினால் இஞ்சின் குளிரும், சக்தி கூடும், ஆயுளும் நீளும் என்கிறார்கள். முதல் இரண்டும் உண்மை. மூன்றாவது, நாம் அதைப் பயன்படுத்தும் விதத்தைப் பொறுத்தது.

டர்போ அழுத்தி அனுப்பும் காற்று சூடாக இருக்கும். அதில் நுண்துளிகளாகக் கலக்கும் தண்ணீர் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. 100 டிகிரி செல்சியசில் ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2,260 கிலோஜூல் வெப்பம் தேவை. மெத்தனாலுக்கு அதில் பாதி போதும். ஆனால், மெத்தனால் எரியக்கூடியது. ஆகவே டீசல் இஞ்சினில் குளிரூட்டும் வேலையைப் பெரும்பாலும் தண்ணீரே செய்கிறது. மெத்தனால் கூடுதல் எரிபொருளாகிவிடுகிறது.

இது புதிய நுட்பமன்று. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109 போர் விமானங்களில் இக்கலவை பயன்பட்டது. வானத்தின் கடுங்குளிரில் தண்ணீர் உறையாமலிருக்கவும் மெத்தனால் உதவியது. அப்போதும் விமானிகள் ஒரு தடவைக்கு 10 நிமிடங்களுக்கு மேல் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது விதி. மலேசியாவில் தண்ணீர் உறையும் கவலை நமக்கில்லை. இங்கே மெத்தனால் சேர்ப்பது சக்திக்காகத்தான்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. கூடுதல் டீசல் செலுத்தும்படி இஞ்சினின் கணினியை மாற்றி அமைக்கிறார்கள். அதனால் எகிறும் வெப்பத்தைத் தண்ணீர் அடக்கிவிடும் என்று நம்புகிறார்கள். உரமூட்டைகளோடு கேமரன் மலை ஏறும் ஒரு பிக்கப்பை எண்ணிப் பாருங்கள். பாதி வழியில் தொட்டி காலியானால்? தெளிப்பான் அடைத்துக்கொண்டால்? டீசல் குறையாது, வெப்பம் மட்டும் ஏறும். அலுமினியம் 660 டிகிரி செல்சியசில் உருகும் உலோகம். பிஸ்டன் பெரும்பாலும் அதன் கலவையால் ஆனது. அந்த வண்டியை நம்பித்தான் ஒரு குடும்பம் பிழைக்கிறது என்றால், சக்தியைக் கூட்டப்போய் முதலுக்கே மோசமாகிவிடும்.

1962இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் என்ற பெட்ரோல் காரிலும் இதே கலவை தெளிக்கப்பட்டது. கலவை தீர்ந்தால் டர்போவின் அழுத்தத்தைத் தானாகக் குறைக்கும் ஏற்பாட்டைப் பொறியாளர்கள் அதில் வைத்திருந்தனர். பல உரிமையாளர்கள் தொட்டியை நிரப்பவே மறந்தார்கள். மனிதர்கள் மறப்பார்கள் என்பதை முன்கூட்டியே கணக்கில் எடுத்த வடிவமைப்பு அது. இன்று பிக்கப்பில் தனியாக வாங்கிப் பொருத்தும் கருவிக்கும் அத்தகைய பாதுகாப்பு வேண்டாமா?

வேறு ஆபத்துகளும் உண்டு. வால்வு கசிந்து, நின்றிருக்கும் இஞ்சினுக்குள் தண்ணீர் தேங்கினால், மீண்டும் முடுக்கும்போது கனெக்டிங் ராடு வளையலாம். தண்ணீரைக் காற்றைப்போல் அழுத்த முடியாது. மெத்தனால் அளவு மீறினால் சிலிண்டரின் அழுத்தம் கூடி ஹெட் கேஸ்கட் பழுதாகலாம். மெத்தனால் நச்சு என்பதால் அதைக் கையாள்பவருக்கும் ஆபத்துதான்.

இந்த நுட்பத்தை ஒதுக்க வேண்டும் என்பது என் வாதமன்று. வரிசையை மாற்றுங்கள் என்கிறேன். தொட்டி காலியாக இருக்கும்போதே, முழுச் சுமையோடு மேடு ஏறினாலும் பாதுகாப்பான வெப்பத்தைத் தாண்டாத அளவுக்கு முதலில் டீசலை அமையுங்கள். அதன்பிறகு தண்ணீரைச் சேர்த்தால், அது இஞ்சினுக்குக் கூடுதல் பாதுகாப்பாக இருக்கும்.

தொழிற்கல்லூரிகளில் வாகனத் துறை பயிலும் நண்பர்கள் நாளை பட்டறை நடத்துவார்கள். வாடிக்கையாளர் “இன்னும் எவ்வளவு சக்தி ஏற்றலாம்?” என்று கேட்பார். “வெளியேற்ற வாயுவின் வெப்பத்தைக் காட்டும் மீட்டர் இருக்கிறதா? தண்ணீர் தீர்ந்தால் டீசலைக் குறைக்க ஏற்பாடு உண்டா?” என்று அவரிடம் முதலில் கேளுங்கள். இரண்டுக்கும் ‘இல்லை’ என்றால், அந்த வேலையை அன்றைக்கு எடுக்காதீர்கள்.