வாங்குவது வேகமா, விசிலா?

கிழக்கு லண்டனின் அப்டன் பார்க் ரயில் நிலையத்துக்கு வெளியே, கிரீன் ஸ்ட்ரீட்டில், புடவைக் கடைகளுக்கும் நகைக்கடைகளுக்கும் நடுவே கார்கள் ஊர்ந்துகொண்டிருக்கும். வேகமெடுக்க அங்கே இடமே கிடையாது. ஆனாலும் சிக்னல் பச்சை விழுந்ததும் ஏதாவது ஒரு சின்னக் கார் விசிலடித்தபடி சீறிக் கிளம்பும். அடுத்த நொடியே ‘ப்ஷூ’ என்று பெருமூச்சு விட்டு, முன்னால் நிற்கும் பஸ்ஸின் முதுகில் போய் ஒட்டிக்கொள்ளும். பானெட்டுக்கு அடியில் இருந்த கறுப்பு பிளாஸ்டிக் ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, கூம்பு வடிவ ஃபில்டரையும் பளபளக்கும் குழாயையும் பூட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ‘கோல்ட் ஏர் இன்டேக்’ என்பது கடையில் அதன் பெயர். விலை சில நூறு பவுண்டு.

விற்பவர் சொல்லும் கணக்கு கேட்பதற்குச் சரியாகவே இருக்கும். குளிர்ந்த காற்று அடர்த்தியானது; அதில் ஆக்ஸிஜன் அதிகம்; ஆக்ஸிஜன் கூடினால் கூடுதல் பெட்ரோலை எரிக்கலாம்; இன்ஜினின் சக்தி கூடும். இதில் பொய் ஏதுமில்லை. உள்ளே போகும் காற்று 10 டிகிரி குளிர்ந்தால் அடர்த்தி ஏறத்தாழ 3 சதவீதம் கூடும். டர்போ இல்லாத இன்ஜினுக்கு அது லாபம்தான்.

டர்போ வந்ததும் கணக்கு மாறிவிடுகிறது. புகைக்குழாய் வழியே வெளியேறும் வாயுவின் விசையில் சுழலும் சக்கரம், மறுபுறம் காற்றை இழுத்து நெருக்கி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. நெருக்கினால் காற்று சூடாகும். 25 டிகிரியில் உள்ளே போகும் காற்றை இரு மடங்கு அழுத்தத்துக்கு நெருக்கினால், 110, 120 டிகிரியில் வெளியே வரும். அந்தச் சூட்டைத் தணிக்கத்தான் கார்களில் இன்டர்கூலர் இருக்கிறது. கம்பெனிப் பெட்டி 35 டிகிரிக் காற்றை இழுக்கிறது, புதுக் குழாய் 25 டிகிரிக் காற்றைத் தருகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். கூடுதல் சூட்டில் முக்கால் பங்கை இன்டர்கூலர் உறிஞ்சிய பிறகு, இன்ஜினின் வாயிலில் மிஞ்சும் வித்தியாசம் மூன்று, மூன்றரை டிகிரிதான். அடர்த்தியில் 1 சதவீதம். 125 குதிரைத்திறன் உள்ள காரில் இது ஒன்றேகால் குதிரை.

‘குழாய் அகலம், தடை குறைவு, அதனால் காற்று தாராளமாக ஓடும்’ என்பது அடுத்த வாதம். ஆனால் இன்றைய காரில் டர்போவின் அழுத்தத்தைத் தீர்மானிப்பது குழாய் அல்ல, இசியு எனப்படும் கணினி. இன்ஜினுக்குள் இவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று அது குறி வைத்திருக்கும். ஃபில்டரில் கொஞ்சம் தடை இருந்தால், வேஸ்ட்கேட் எனும் வடிகால் கதவைச் சற்று மூடி டர்போவைக் கூடுதலாக உழைக்க வைத்து அந்தக் குறியை எட்டிவிடும். தடை குறைந்தால் கதவைச் சற்றுத் திறக்கும். டர்போவுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்; ஓட்டுநருக்குக் கிடைப்பது அற்பம்.

கழற்றி எறியும் அந்தப் பிளாஸ்டிக் பெட்டியை யார் செய்தார்கள் என்றும் பார்க்க வேண்டும். அப்டன் பார்க்கில் டிஸ்ட்ரிக்ட் லைன் ஏறிக் கிழக்கே போனால் டேகனம் வரும். 2002 வரை ஃபோர்டு ஃபியஸ்டா அங்கே தயாரானது. அதற்கும் கிழக்கே, எஸெக்ஸில் உள்ள டன்டன் ஆய்வு மையத்தில்தான் ஃபோர்டின் 1.0 லிட்டர் ஈகோபூஸ்ட் டர்போ இன்ஜின் உருவானது. மூன்றே சிலிண்டர், அதன் அடிப்பாகம் ஒரு ஏ4 தாளுக்குள் அடங்கிவிடும். டர்போ நிமிடத்துக்கு 2,48,000 சுற்று வரை சுழலும். 2012, 2013, 2014 என மூன்று ஆண்டு தொடர்ந்து சர்வதேச ‘ஆண்டின் சிறந்த இன்ஜின்’ விருது வாங்கியது. சென்னையை அடுத்த மறைமலை நகர் தொழிற்சாலையில் தயாரான ஈகோஸ்போர்ட்டிலும் 2013இல் இதே இன்ஜின் வந்தது. இப்படிப்பட்ட இன்ஜினை வடிவமைப்பவர்கள், காற்று எங்கிருந்து வருகிறது என்பதை மறந்துவிட்டா பெட்டியைப் பூட்டியிருப்பார்கள்? பெரும்பாலான டர்போ கார்களில் அந்தப் பெட்டியே முகப்பு வலைக்குப் பின்னாலிருந்து குளிர்ந்த காற்றைத்தான் இழுக்கிறது. காற்றின் இரைச்சலை அடக்கும் வேலையும் அதனுடையதே.

மலிவு கிட்டுகளில் நிலைமை இன்னும் வேடிக்கை. வெளிக்காற்றை ஒழுங்காகக் கொண்டுவர உறை இருக்காது. கூம்பு ஃபில்டர் இன்ஜினுக்குப் பக்கத்திலேயே திறந்தபடி நிற்கும். நெடுஞ்சாலையில் காற்றடித்தால் பரவாயில்லை. பக்கத்திலுள்ள பார்க்கிங் ரோட்டு (Barking Road) நெரிசலில் மணிக்கு ஐந்து மைலில் ஊரும்போது அது இழுப்பது ரேடியேட்டரின் சூட்டைத்தான். குளிர்காற்று என்று பெயர். போவது வெந்நீர் அறையின் காற்று. விளம்பரத்தில் காட்டும், சக்தியை அளக்கும் டைனோ சோதனைகள் பலவும் பானெட்டைத் திறந்து வைத்து, முன்னால் பெரிய மின்விசிறியை ஓடவிட்டு எடுக்கப்படுபவை. கிரீன் ஸ்ட்ரீட்டில் பானெட்டைத் திறந்துகொண்டு யாரும் ஓட்டுவதில்லை.

அப்படியானால் இத்தனை பேர் ஏன் வாங்குகிறார்கள்? சத்தத்துக்காக. பெட்டி போனால் டர்போவின் விசிலும், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வரும் பெருமூச்சும் நேராகக் காதில் விழும். கார் வேகமாகிவிட்டதாக மனம் நம்பிவிடும். சத்தத்தை விரும்புவது குற்றமில்லை. பெரிய டர்போவும் மாற்றிய இசியு மென்பொருளும் போட்டு டிராக்கில் ஓட்டுபவருக்கு, கம்பெனிப் பெட்டி உண்மையிலேயே போதாமல் போகலாம். அவருக்கு இந்தக் குழாய் தேவை. மற்றவர்களுக்கு விற்கப்படுவது விசில். அதை வேகம் என்று சொல்லி விற்பதுதான் உறுத்துகிறது. அதே கிரீன் ஸ்ட்ரீட்டில், வெஸ்ட் ஹாம் கால்பந்து அணி 1904 முதல் 2016 வரை ஆடிய போலின் மைதானம் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள் எழுந்துவிட்டன. அங்கே குழந்தையைத் தூங்கவைப்பவரிடம் அந்த விசிலின் இனிமையைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை.

செலவு சில நூறு பவுண்டோடு நிற்பதுமில்லை. பிரிட்டனில் இன்சூரன்ஸ் எடுக்கும்போதும் புதுப்பிக்கும்போதும் ‘காரில் மாற்றம் ஏதும் செய்திருக்கிறீர்களா?’ என்று கேட்பார்கள். 2012ஆம் ஆண்டின் நுகர்வோர் காப்பீட்டுச் சட்டப்படி அதற்குக் கவனத்தோடு உண்மையான பதில் சொல்ல வேண்டும். அசட்டையால் தவறாகச் சொல்லியிருந்தால் இழப்பீட்டைக் கம்பெனி விகிதப்படி வெட்டலாம்: 1,500 பவுண்டு கட்ட வேண்டியவர் 1,000 கட்டியிருந்தால், மூன்றில் இரண்டு பங்குதான் கைக்கு வரும். வேண்டுமென்றே மறைத்ததாகத் தெரிந்தால் பாலிசியே செல்லாது. இதற்கிடையே அப்பா பெயரில் பாலிசி எடுத்து மகன் தினமும் ஓட்டும் வழக்கம் வேறு இருக்கிறது. அதுவே மோசடிக் கணக்கில் சேரும். அதன்மேல் சொல்லாத இன்டேக்கும் சேர்ந்தால், விபத்துக்குப் பிறகு அந்தக் குடும்பத்தின் நிலையை நினைத்துப் பார்க்கலாம்.

கோளாறுகளும் உண்டு. காற்றின் அளவை அறியும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார், கம்பெனிக் குழாயின் விட்டத்தை வைத்து அளவு பொருத்தப்பட்டது. விட்டம் மாறினால் அதன் கணக்கு பிசகும். பருத்தி ஃபில்டருக்கு எண்ணெயை அதிகமாகத் தடவினால் அது சென்சாரில் படியும். இன்ஜின் விளக்கு எரியத் தொடங்கும். 2018 மே மாதம் முதல் அந்த விளக்கு எரிந்தபடி எம்ஓடி எனும் கட்டாய வாகனத் தகுதிச் சோதனைக்குப் போனால் கார் தேறாது.

வெள்ளம் இன்னும் மோசம். குளிர்ந்த காற்றுக்காகச் சில கிட்டுகள் ஃபில்டரை பம்பருக்குக் கீழே இறக்கிவைக்கின்றன. 2021 ஜூலை 25 அன்று கொட்டிய மழையில் கிழக்கு லண்டன் தெருக்கள் ஆறாக ஓடின. பக்கத்து பிளேஸ்டோவில் உள்ள நியூஹாம் மருத்துவமனைக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. அப்படிப்பட்ட நாளில் தாழ்ந்த ஃபில்டர் காற்றுக்குப் பதில் தண்ணீரை உறிஞ்சினால், பிஸ்டனால் அதை நெருக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்து இன்ஜினே போய்விடும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீரில் காரை ஓட்டி இன்ஜினைப் பறிகொடுத்த சென்னைவாசிகளுக்கு இதை விளக்க வேண்டாம்.

சட்டம் இதை நாட்டுக்கு நாடு வேறுவிதமாகப் பார்க்கிறது. இந்தியாவில், தயாரிப்பாளர் தந்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டின் சட்டத் திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடம் தருகிறது. கலிஃபோர்னியாவில் காற்றுவள வாரியத்தின் ஒப்புதல் எண் இல்லாத இன்டேக்கைத் தெருவில் ஓடும் காரில் பூட்ட முடியாது. பிரிட்டனில் இப்படி முன்கூட்டிய ஒப்புதல் எதுவும் இல்லை. 1986 விதிகள் சைலன்சரை மாற்றிச் சத்தத்தைக் கூட்டுவதைத் தடுக்கின்றன. காற்று உள்ளே போகும் வழியைப் பற்றி அவ்வளவு கவலைப்படவில்லை. காவல் வேலையை இன்சூரன்ஸ் கம்பெனியிடம் விட்டுவிட்டார்கள். அது விபத்து நடந்த பிறகுதான் விழித்துக்கொள்ளும்.

இந்தியாவைப் போல ஒரேயடியாகத் தடுப்பது ஆர்வலர்களுக்குச் செய்யும் அநியாயம். கலிஃபோர்னியா வழியே மேல். நிரூபிக்கும் பொறுப்பு பத்தொன்பது வயதுப் பையனிடம் அல்ல, விற்பவரிடம் இருக்க வேண்டும். பானெட்டை மூடிவைத்து, ஒரே நாளில், இந்தக் குழாயோடும் இல்லாமலும் எடுத்த சக்தி அளவையும் சத்த அளவையும் பெட்டியின் மேலேயே அச்சடிக்கட்டும். அதன் பிறகும் விசில் வேண்டும் என்பவர் தாராளமாக வாங்கட்டும்.

அதுவரை ஈஸ்ட் ஹாமிலோ இல்ஃபர்டிலோ கராஜ் வாசலில் நிற்கும் தம்பிகளே, காரை உள்ளே விடும் முன் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மெக்கானிக் கழற்றும் கம்பெனிப் பெட்டியைக் குப்பையில் போடாமல் வீட்டுக்குக் கொண்டுபோய் வையுங்கள். காரை விற்கும் நாளில் அது தேவைப்படும்.