கீசர் வால்வில் தண்ணீர் சொட்டுகிறதா? அடைத்துவிடாதீர்கள்!

மார்கழிக் குளிர் தொடங்கிவிட்டால், காலையில் பல வீடுகளில் கேட்கும் முதல் கேள்வி ‘கீசர் போட்டாச்சா?’ என்பதுதான். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கு வருடம் முழுக்க இதே கேள்விதான். சுவிட்சைத் தட்டினால் வெந்நீர். அதற்கு மேல் சுவரில் தொங்கும் அந்தப் பெட்டியைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை.

ஆனால், அது கொஞ்சம் யோசிக்க வேண்டிய பெட்டி. 2 கிலோவாட் மின்சாரம், மூடிய தொட்டிக்குள் சூடாகும் தண்ணீர், ஈர உடம்போடு நிற்கும் மனிதர் என மூன்றும் ஒரே சின்ன அறையில் இருக்கின்றன. அதனால்தான் ஒன்று தவறினால் இன்னொன்று காப்பாற்றும்படி நான்கு காவலர்களை வைத்திருக்கிறார்கள். தெர்மோஸ்டாட், தெர்மல் கட்-அவுட், பாதுகாப்பு வால்வு, எர்த்துடன் கூடிய ஆர்.சி.சி.பி. ஆகியவைதான் அந்த நால்வர். ‘தொந்தரவா இருக்கே’ என்று இவற்றில் ஒன்றை முடக்கும்போதுதான் ஆபத்து ஆரம்பிக்கிறது.

முதல் காவலர்: தெர்மோஸ்டாட்

தண்ணீர் குறிப்பிட்ட சூட்டை அடைந்ததும் மின்சாரத்தைத் துண்டிப்பதும், ஆறியதும் மீண்டும் கொடுப்பதும் தெர்மோஸ்டாட்டின் வேலை. பல கீசர்களில் தொட்டிக்குள் மெல்லிய குழாய் ஒன்று இருக்கும். அதில் அடைத்திருக்கும் திரவம் சூட்டில் விரிந்து சுவிட்சை அணைத்துவிடும். கீசரின் வெளிப்பக்கம் இருக்கும் திருகு, எந்தச் சூட்டில் அணைய வேண்டும் என்பதைச் சொல்வதற்காக.

இது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். 27 டிகிரியில் இருக்கும் 15 லிட்டர் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுவர, 2 கிலோவாட் கீசருக்குக் கணக்குப்படி 17 முதல் 18 நிமிடங்கள் போதும். மலைப்பகுதிக் குளிரிலும் குறைந்த வோல்டேஜிலும் கொஞ்சம் கூடும். 25 லிட்டர் கீசர் என்றால் அரை மணி நேரம். குழாயைத் திறக்காமல் வைத்திருந்தும் ‘ஹீட்டிங்’ விளக்கு முக்கால் மணி நேரத்துக்குப் பிறகும் அணையவில்லையா? தெர்மோஸ்டாட்டைச் சந்தேகப்பட வேண்டும். சுவிட்சை அணைத்துவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

போர்வெல் உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் இந்தச் சோதனை இன்னும் முக்கியம். ஹீட்டர் காயில் மீதும் தெர்மோஸ்டாட் குழாய் மீதும் வெள்ளையாக உப்புப் படியும். உள்ளே இருக்கும் சூடு வேறு, தெர்மோஸ்டாட் உணரும் சூடு வேறு என்று ஆகிவிடும். வருடத்துக்கு ஒரு முறையாவது திறந்து சுத்தம் செய்வது நல்லது. அப்போதே, தொட்டி துருப்பிடிக்காமல் காக்கும் மெக்னீசியம் கம்பி கரைந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது காவலர்: கட்-அவுட்

தெர்மோஸ்டாட் பழுதாகி, மின்சாரம் நிற்காமல் போனால்? அதற்காகவே தெர்மல் கட்-அவுட் இருக்கிறது. சூடு எல்லை மீறியதும் இது மின்சாரத்தைத் துண்டித்துவிடும். பல மாடல்களில் மெக்கானிக் வந்து பட்டனை அழுத்தினால்தான் மறுபடி இயங்கும்.

கட்-அவுட் விழுந்திருக்கிறது என்றால், தெர்மோஸ்டாட் பழுது, தண்ணீரில்லாமல் ஓடியது என ஏதோ ஒரு காரணம் இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல், ‘அடிக்கடி விழுது, டைரக்ட் போட்டுடலாம்’ என்று ஒயரை நேராக இணைத்துவிடுவது சில இடங்களில் நடக்கிறது. கீசர் உடனே ஓடும். ஆனால், அன்று முதல் தண்ணீர் கொதிப்பதைத் தடுக்க உள்ளே எதுவும் இருக்காது. ‘டைரக்ட்’ என்ற வார்த்தை காதில் விழுந்தால், வேலையை அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். புது உதிரிபாகம் வாங்கிப் போடுவதுதான் வழி.

மூன்றாவது காவலர்: சொட்டும் வால்வு

கீசருக்குக் குளிர்ந்த நீர் நுழையும் குழாயில் சின்னதாக ஒரு வால்வு இருக்கும். கீசர் ஓடும்போது அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும். ‘லீக் ஆகுது’ என்று நினைத்து, எம்-சீல் வைத்து அடைப்பவர்கள் உண்டு. வால்வையே கழற்றிவிட்டு மூடி போடுபவர்களும் உண்டு.

அது லீக் இல்லை. தண்ணீர் சூடானால் விரியும். 15 லிட்டர் தண்ணீர் 27 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போகும்போது, ஏறக்குறைய 200 மில்லி, அதாவது ஒரு டம்ளர் அளவுக்கு அதிகமாகிறது. தண்ணீர் திரும்பிப் போக வழி இல்லாத குழாய் அமைப்பில், அந்த ஒரு டம்ளர் வெளியேறும் வழிதான் இந்த வால்வு. அதை அடைத்தால் அழுத்தம் முழுவதையும் தொட்டி தாங்க வேண்டும்.

தெர்மோஸ்டாட்டும் கட்-அவுட்டும் கைவிட்ட நேரத்தில் வால்வும் அடைபட்டிருந்தால் விபரீதம்தான். அழுத்தம் இருக்கும் மூடிய தொட்டியில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் ஆவியாகாமல் சூடாகிக்கொண்டே போகும். தொட்டி எங்காவது விட்டுப் போனால், அந்த நொடியில் நீராவியாக மாறும். தண்ணீர் நீராவியாகும்போது சுமார் 1,600 மடங்கு இடம் தேவைப்படும். ‘கீசர் வெடித்தது’ என்ற செய்திகளுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான்.

வால்வின் வாயில் ஒரு சின்ன டியூபைச் செருகி, சாக்கடைத் துளை வரை கீழ்நோக்கி விட்டுவிடுங்கள். தரை நனையாது. டியூபின் நுனி திறந்தே இருக்க வேண்டும். கீசர் அணைந்த பிறகும் நாள் முழுக்கச் சொட்டினால், வால்வில் தூசி அல்லது குழாயில் அதிக அழுத்தம் என்று அர்த்தம். பிளம்பர் பார்க்கட்டும். வால்விலிருந்து ஆவியோ கொதிநீரோ பீய்ச்சினால், கீசருக்கு அடியில் போகாதீர்கள். வெளியிலிருந்து மின்சாரத்தை அணைத்துவிட்டு, முழுக்க ஆறும் வரை விட்டுவிடுங்கள்.

நான்காவது காவலர்: எர்த், ஆர்.சி.சி.பி.

மீட்டர் பலகையில் எம்.சி.பி. இருக்கிறது, அது போதாதா என்று கேட்கலாம். கீசருக்கான எம்.சி.பி. பெரும்பாலும் 16 அல்லது 20 ஆம்பியர். அதற்கு மேல் போனால்தான் விழும். மனிதர் உடலில் ஆம்பியரில் ஒரு சின்னப் பங்கு பாய்ந்தாலே இதயம் நிற்கலாம். எம்.சி.பி. ஒயரைக் காக்கும். ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அது மின்சாரத்தை வெட்டிவிடும்.

கீசரைப் போட்டதும் ஆர்.சி.சி.பி. விழுகிறதென்றால், காயிலிலிருந்து மின்சாரம் கசிகிறது என்று பொருள். ஆர்.சி.சி.பி.யைக் கழற்றுவது தீர்வு ஆகாது. காயிலை மாற்ற வேண்டும். அதோடு, மூன்று பின் பிளக்கின் தடித்த பின்னை வெட்டுவதோ, இரண்டு பின் அடாப்டரில் செருகுவதோ கூடாது. அந்தத் தடித்த பின்தான் எர்த்.

புதிதாக மாட்டுகிறீர்களா?

15 லிட்டர் கீசரில் தண்ணீர் மட்டுமே 15 கிலோ. பெட்டியின் எடையும் சேரும். ஆகவே உறுதியான செங்கல் அல்லது கான்கிரீட் சுவரில் ஆங்கர் போல்ட் போட்டுத்தான் மாட்ட வேண்டும். பார்ட்டிஷன் சுவர் வேண்டாம்.

2 கிலோவாட் கீசர் சுமார் 9 ஆம்பியரும், 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசர் 13 ஆம்பியரும் இழுக்கும். 6 ஆம்பியர் சாக்கெட்டும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் இதைத் தாங்காது. 16 ஆம்பியர் சாக்கெட், மீட்டர் பலகையிலிருந்து தனி லைன், குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் வேண்டும். 3 கிலோவாட் என்றால் 4 சதுர மில்லிமீட்டர் போடுவது நல்லது. சுவிட்ச் பாத்ரூமுக்கு வெளியே இருக்கட்டும். ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துத் துண்டிக்கும் டபுள் போல் சுவிட்சாகக் கேட்டு வாங்குங்கள்.

வெந்நீர்க் குழாய்க்குச் சாதாரண பி.வி.சி. உதவாது, சூட்டில் இளகிவிடும். சி.பி.வி.சி. தேவை. அடுக்குமாடியில் கீழ்த்தளங்களில் இருப்பவர்கள் தண்ணீர் அழுத்தத்தையும் கேட்டுக்கொள்ள வேண்டும். மேல்நிலைத் தொட்டி ஒவ்வொரு 10 மீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் கூடும். கீசர் எத்தனை பார் தாங்கும் என்பது அதன் லேபிளிலேயே இருக்கும்.

எல்லாம் மாட்டிய பிறகு அவசரப்பட்டு சுவிட்சைப் போட வேண்டாம். வெந்நீர்க் குழாயைத் திறந்து, காற்று எல்லாம் போய்த் தண்ணீர் சீராகக் கொட்டும் வரை காத்திருங்கள். காலித் தொட்டியில் மின்சாரம் கொடுத்தால் காயில் கருகிவிடும்.

டைமர் வைக்கலாமா?

தாராளமாக வைக்கலாம். காலையில் எழுந்ததும் வெந்நீர் தயாராக இருக்கும். அணைக்க மறந்தோமே என்ற கவலையும் இல்லை. ஆனால், மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று, டைமரோ வை-ஃபை பிளக்கோ 16 ஆம்பியர் தாங்குவதாக இருக்க வேண்டும். மொபைலில் இயங்கும் சின்ன பிளக்குகளில் பல, 6 அல்லது 10 ஆம்பியர் வகை. அவை டேபிள் விளக்குக்கும் சார்ஜருக்கும்தான் சரி.

இரண்டு, பவர் கட். சுற்றும் சக்கரம் வைத்த டைமர்கள் கரன்ட் போனால் நின்றுவிடும். இரண்டு மணி நேரம் கரன்ட் இல்லையென்றால், 5 மணிக்கு ஓட வேண்டிய கீசர் 7 மணிக்கு, யாராவது குளித்துக்கொண்டிருக்கும்போது ஓட ஆரம்பிக்கும். பேட்டரியுள்ள டிஜிட்டல் டைமரில் இந்தத் தொல்லை இல்லை. வை-ஃபை பிளக்கில், கரன்ட் திரும்பி வந்ததும் என்ன நிலையில் இருக்க வேண்டும் என்று கேட்கும் அமைப்பு இருந்தால், ‘ஆஃப்’ என்று வைத்துவிடுங்கள்.

மூன்று, குளிப்பதற்கு முன்பே அணையும்படி நேரம் குறியுங்கள். 5.45-க்குக் குளியல் என்றால் 5.10 முதல் 5.40 வரை போதும். ஸ்டோரேஜ் கீசரில் அணைத்த பிறகும் சூடு சில மணி நேரம் தங்கும். ஊருக்குப் போகும்போது டைமரை மட்டும் நம்பாமல், மெயின் சுவிட்சையே அணைத்துவிடுங்கள். வெளியில் இருந்துகொண்டு மொபைலில் கீசரைப் போடுவதானால், உள்ளே யாரும் குளிக்கவில்லையே என்று ஒரு போன் செய்து கேட்டுவிடுங்கள்.

15 லிட்டரை ஒரு முறை சூடாக்க சுமார் 0.6 யூனிட் ஆகும். தினமும் இரண்டு முறை என்றால் இரண்டு மாத பில்லில் 70 யூனிட்டுக்கு மேல்.  நாள் முழுக்கப் போட்டுவைத்தால் இன்னும் கூடும்.

எவ்வளவு சூடு சரி?

60 டிகிரி வெந்நீர் ஐந்து விநாடிகளில் பெரியவர்களின் தோலையே ஆழமாகச் சுட்டுவிடும். 49 டிகிரி என்றால் அதற்குச் சில நிமிடங்கள் ஆகும். குழந்தைகளின் தோல் மெல்லியது, இன்னும் சீக்கிரம் வெந்துவிடும். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சுடுவதே தெரியாமல் போகலாம்.

அதற்காகத் தொட்டியை 40 டிகிரியில் வைத்துக்கொள்வதும் நல்லதல்ல. வெதுவெதுப்பான தேங்கிய நீரில் லெஜியோனெல்லா போன்ற கிருமிகள் வளரும். தொட்டியில் 60 டிகிரி அளவில் சூடாக்கி, பக்கெட்டில் கலந்துகொள்வதே வழி. முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர். கலந்ததும் முழங்கையை விட்டுப் பார்த்துவிட்டுக் குழந்தைக்கு ஊற்றுங்கள். 15 லிட்டர் வெந்நீரை இப்படிக் கலந்தால் 40 டிகிரியில் சுமார் 38 லிட்டர் கிடைக்கும். இரண்டு பக்கெட் நிறையும்.

சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பேஸ்ட், மஞ்சள், இங்க் எதுவும் வேண்டாம். கொப்புளம் வந்தாலோ, குழந்தை என்றாலோ, டாக்டரிடம் போய்விடுங்கள்.

கேஸ் கீசர் வைத்திருப்பவர்களுக்கு

இங்கே ஆபத்து வேறு. மூடிய பாத்ரூமில் கேஸ் எரிந்தால் ஆக்சிஜன் குறைந்து கார்பன் மோனாக்சைடு உருவாகும். அதற்கு நிறமும் மணமும் கிடையாது. தலைவலி, தலைசுற்றல் என்று தொடங்கி மயக்கத்தில் முடியும். உள்ளே இருப்பவருக்குக் கதவைத் திறக்கக்கூட நேரம் இருக்காது. கேஸ் கீசரைக் காற்றோட்டமான வெளியிடத்தில் மாட்டி, வெந்நீரை மட்டும் குழாயில் உள்ளே கொண்டுவருவதே பாதுகாப்பு. யாராவது மயங்கிவிட்டால் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 108-ஐ அழையுங்கள்.

இந்த வார வேலை

பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஆர்.சி.சி.பி.யில் ‘டி’ என்று எழுதிய பட்டனை அழுத்திப் பாருங்கள், உடனே விழ வேண்டும். விழவில்லையென்றால் எலெக்ட்ரீஷியனை அழைத்து மாற்றுங்கள். கீசர் வால்வின் வாய் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பிளக்கும் சாக்கெட்டும் கறுத்திருக்கிறதா என்று சுவிட்சை அணைத்துவிட்டுப் பாருங்கள். பிறகு கீசரைப் போட்டு, விளக்கு எத்தனை நிமிடத்தில் அணைகிறது என்று மொபைலில் நேரம் பார்த்துக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மார்கழியில் மறுபடி பாருங்கள். நேரம் நிறைய மாறியிருந்தால், அதுவே மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டிய நாள்.